காடியும் வட்டவாளும்: கைவிரற் காப்பின் வரலாறு

தச்சுத்தொழிலின் சிறப்பெல்லாம் இணைப்பின்கண் அமைந்துள்ளது. மரத்தை அறுத்தலும் இழைத்தலும் பயிற்சியால் எவர்க்கும் ஓரளவு கைகூடும். இரண்டு மரங்கள் ஒன்றையொன்று பற்றி, ஆணியின் துணையின்றியும் அசையாது நிற்குமாறு பொருத்துதலே தச்சனைத் தச்சனாக்குவது. அவ்விணைப்புக்களுள் எளியதும் பெரிதும் பயன்படுவதும் ஆவது காடியிணைப்பு. அக்காடியை வெட்டுங் கருவி கையுளியிலிருந்து விசையால் இயங்கும் வட்டவாளாக மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தில் தொழிலாளியின் விரல்கள் பட்ட பாட்டையும், அவற்றைக் காத்தற்கு எழுந்த முயற்சிகளையும் இக்கட்டுரைக்கண் யாம் சுருங்க எடுத்துரைப்போம். மரத்தொழிலை மரபாகக் கொண்ட இல்லங்கள் நம் சங்கத்தாருட் பல. அவ்வில்லத்து இளைஞர் பலர் இன்று மேடைவாளின் முன் நின்று உழைக்கின்றனர். ஆதலின் இது நமக்கு அயலார் கதையன்று.

முதற்கண் காடியாவது யாது என்பதைத் தெளிவோம். புத்தக அலமாரி ஒன்றைக் கருதுக. அதன் இருபுறத்தும் நிற்கும் பலகைகளின் உட்பக்கத்தே, குறுக்குத் தட்டின் கனத்திற்குச் சரியான அகலத்தில் நீண்டதொரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். தட்டின் முனை அப்பள்ளத்தில் அமர்ந்து நிற்கும். முக்கால் அங்குலக் கனமுள்ள பலகையில் அப்பள்ளம் கால் அங்குல ஆழம் இருந்தாற் போதும். நூல்களின் பாரம் முழுவதையும் அக்கால் அங்குலமே தாங்கும். மரத்தின் இழையோட்டத்திற்குக் குறுக்கே வெட்டும் பள்ளத்தை அமெரிக்கத் தச்சர் ‘டேடோ’ என்பர். இழையோட்டத்தின் வழியே வெட்டுவதற்கு வேறு பெயர் இடுவர். பலகையின் ஓரத்திற் படிபோல் வெட்டுவதற்குப் பிறிதொரு பெயர் உண்டு. இங்கிலாந்துத் தச்சர் குறுக்குக் காடியை ‘ஹவுசிங்’, அஃதாவது ‘குடியிருத்துதல்’ என்று வழங்குவர். ‘டேடோ’ என்பதோ இத்தாலிய மொழியிற் சூதாடு கவற்றைக் குறிக்கும் சொல். தூண் நிற்கும் பீடத்தின் நடுப்பகுதி கவறுபோற் சதுரமாயிருத்தலின் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னர்ச் சுவரின் அடிப்பகுதிக்கு ஏறி, இறுதியில் மரத்தில் வெட்டும் பள்ளத்திற்கும் ஆயிற்று. நம்மவர் இவை யாவற்றையும் காடி என்னும் ஒரு சொல்லாலேயே ஆள்வர்.

கைக்கருவிக் காலத்துக் காடி வெட்டுமுறை பொறுமைக்கு இருப்பிடமானது. தச்சன் பள்ளத்தின் இருகரைகளையும் கோடிட்டுக் கூரிய கத்தியாற் கீறுவான். அக்கீற்றின் வழியே கைவாளால் வேண்டிய ஆழத்திற்கு அறுப்பான். இடைநின்ற மரத்தை உளியாற் பெயர்ப்பான். ஈற்றில் அடித்தளத்தைச் சமமாக்க, ஒற்றைப் பல் கீழ்நோக்கி நீண்ட சிறு இழைப்புளி ஒன்றை ஓட்டுவான். அக்கருவியை ஆங்கிலத் தச்சர் ‘கிழவியின் பல்’ என்று நகைச்சுவைபடப் பெயரிட்டு அழைத்தனர். குறுக்குக் காடிக்கென்றே தனி இழைப்புளியும் மேனாட்டில் இருந்தது. அதன் அலகுக்கு முன்னே இழையைக் கீறும் இரு முட்கள் உண்டு. ஆழத்தை வரையறுக்கும் தடையும் உண்டு. இக்கருவிகளால் நேருங் காயம் பெரும்பாலும் தையலிட்டால் ஆறுவது. கையின் விசையாலேயே கருவி ஓடுதலின், கை நின்றவுடன் கருவியும் நின்றது. இவ்வொரு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்துக. பின்வரும் வரலாறு முழுவதற்கும் இதுவே அடிப்படை.

வட்டவாள் தோன்றிய காலத்தை நோக்குவோம். இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் என்பார் 1777-ஆம் ஆண்டிற் பெற்ற உரிமைப் பட்டயத்தில் வட்ட வடிவினவாகிய வாள்கள் குறிக்கப்பெறுகின்றன. பட்டயம் அவற்றைப் புதுமை எனப் பாராட்டாது இயல்பாகச் சொல்லிச் செல்லுதலின், வட்டவாள் அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது என்று கருத இடமுண்டு. அந்நகரத்திலேயே வால்ட்டர் டெய்லர் என்பார் கடற்படைக் கப்பல்களுக்குரிய கப்பிக் கட்டைகளை வட்டவாள் கொண்டு அறுத்து வந்தார். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் நாட்டில், ஷேக்கர் என்னும் சமயக் கூட்டத்தைச் சார்ந்த டபிதா பாபிட் என்னும் பெண்மணி 1813-ஆம் ஆண்டளவில், இருவர் இழுக்கும் நீள்வாளின் பாதி உழைப்பு வீணாதலைக் கண்டு இரங்கி வட்டவாளை இயற்றினார் என்று ஒரு கதை பரவியுள்ளது. அப்பெண்மணியார் தாமாகவே அதனைக் கண்டிருத்தலுங் கூடும். ஆயினும் மில்லரின் பட்டயம் முப்பத்தாறு ஆண்டு முற்பட்டதாகலின், உலகின் முதல் வட்டவாள் அவரது என்னும் கூற்று நிலைபெறாது. வரலாறு எழுதுவார்க்கு இனிய கதையினும் ஆண்டுக் கணக்கே சான்று.

மரவேலை இயந்திரங்களின் தந்தை எனத் தக்கவர் சர் சாமுவேல் பெந்தம். அறநூலாசிரியராகிய ஜெரிமி பெந்தத்தின் உடன்பிறந்தார் இவர். 1793-ஆம் ஆண்டில் இவர் பெற்ற பட்டயத்தில் மரத்தை அறுத்தல், இழைத்தல், துளைத்தல், காடி வெட்டல் முதலிய பல வேலைகளும் சுழலும் அலகுகளால் இயற்றப்படுமாறு விரித்துரைக்கப்பட்டுள்ளது. தம் தமையனார் வகுத்த புதுமுறைச் சிறைச்சாலையில், தொழிற்பயிற்சி இல்லாத கைதிகளும் இவ்வியந்திரங்களால் வேலை செய்யலாகும் என்பது இவர் கருத்து. பின்னர்ப் போர்ட்ஸ்மத் கடற்படைத் துறையில் மார்க் இசம்பார்டு புரூனெல் வகுத்து ஹென்றி மாட்ஸ்லி இயற்றிய கப்பித் தொழிற்சாலை, 1808-ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு 1,30,000 கப்பிகளை ஆக்கியது. 110 கைத்தொழிலாளர் செய்த வேலையை அங்குப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தனர் என்பர்.

இங்கு ஓருண்மை புலனாகின்றது. பயிற்சியுடைய தச்சனது கையில் இருந்த திறன் இயந்திரத்திற்குப் பெயர்ந்தது. அத்திறனுடன் கூடவே அவனிடம் இருந்த எச்சரிக்கை இயந்திரத்திற்குப் பெயர்ந்திலது. பத்தாண்டு உளி பிடித்தவன் விரலை எங்கே வைத்தல் கூடாது என்பதை எண்ணாமலே அறிவான். நேற்று வந்து சுழலும் வாளின் முன் நின்றவன் அஃதறியான். கருவியோ கை நின்றபோது நிற்பதன்று.

வட்டவாளாற் காடி வெட்டுதற்கு இருவேறு முறைகள் எழுந்தன. ஒன்று, வாளை அச்சில் நேராக வையாது சற்றே சாய்த்துப் பூட்டுதல். அவ்வாறு பூட்டிய வாள் சுழலுங்கால் இருமருங்கும் அசைந்து, தன் கனத்தினும் அகன்ற பள்ளத்தை வெட்டும். அதன் தள்ளாட்டத்தைக் கண்ட ஆங்கிலத் தொழிலாளர் அதற்குக் ‘குடிவெறி வாள்’ என்று பெயரிட்டனர். பெயருக்கேற்ப அது வெட்டும் பள்ளத்தின் அடியும் சிறிது வளைந்தே இருக்கும். மற்றொன்று, இரண்டு வாள்களை வெளிப்புறத்தே வைத்து, அவற்றிடையே சில பற்களே உடைய செதுக்கலகுகளை வேண்டுமளவு செறித்து, யாவற்றையும் ஓரச்சிற் பூட்டும் தொகுதி. வெளிவாள்கள் இருகரைகளையும் தெளிவாக அறுக்க, இடையலகுகள் நடுமரத்தைச் செதுக்கி எறியும். கைத்தச்சன் வாளாலும் உளியாலும் தனித்தனியே செய்ததனை இத்தொகுதி ஒரே ஓட்டத்திற் செய்து முடிக்கும். அமெரிக்காவில் இதுவே நிலைபெற்றது. அங்கு 1939-ஆம் ஆண்டில் டெல்ட்டா நிறுவனத்தார் ‘யூனிசா’ என்னும் மேடைவாளை வெளியிட்டனர். மேடையைச் சாய்க்கும் பழைய முறை போய், மேடை நிற்க வாளே சாயும் அமைப்பு அதனுள் இருந்தது. அதன்பின் மேடைவாள் பெருந்தொழிற்சாலையினின்று சிறு பட்டறைக்கும் வீட்டுக் கொட்டகைக்கும் எளிதாகப் பரவிற்று.

இனி, அபாயம் எங்ஙனம் விளைகின்றது என்பதை ஆராய்வோம். 10 அங்குல விட்டமுள்ள வாள் நிமிடத்திற்கு 4,000 சுற்றுச் சுழலுமாயின், அதன் பல் நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர் ஓடும். மேடையின் முற்பக்கத்தே தொழிலாளிக்கு அண்மையில் உள்ள பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துவன. பிற்பக்கத்துப் பற்களோ கீழிருந்து மேலெழுந்து முன்னோக்கி வருவன. அறுபட்ட மரம் பின்பற்களைக் கவ்வுமாயின், அவை அதனைத் தூக்கித் தொழிலாளியின்மேல் வீசும். இதனை எதிர்வீச்சு என்போம். இதனைத் தடுத்தற்கென வாளின் பின்னே, அறுத்த வழியில் நுழைந்து நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று வைப்பர். அது மரம் மீண்டும் மூடிக்கொள்ளாமற் காக்கும். ஆதலிற் பிளவுத்தகடு எனலாம். வாளின் மேலே கவிகை போன்ற மூடியும் உண்டு.

காடி வெட்டுங்கால் இவ்விரு காவலும் நீங்குகின்றன. வாள் மரத்தை முற்றும் ஊடறுத்து மேலே தோன்றாமையின், மூடியைத் தாங்கும் நெடுந்தகடு மரத்திற்கு இடையூறாகும். தொகுதியின் விட்டம் பெரும்பாலும் 8 அங்குலமேயாதலிற் பெருவாளுக்கு அமைத்த பிளவுத்தகடு அதனினும் உயர்ந்து நிற்கும். ஆகவே இரண்டையும் கழற்றியே வேலை செய்வர். அகன்ற பள்ளத்தை ஒரே முறையில் தோண்டுதலின் மரத்தைத் தள்ளும் விசையும் மிகுதியாக வேண்டும். இவற்றினுங் கொடியது பிறிதொன்று. சுழலும் அலகு மரத்தின் அடியில் மறைந்திருத்தலாற் கண்ணுக்குத் தோன்றாது. கை அச்சங் கொள்ளாது. மரம் முடியுமிடத்தே அது திடீரென வெளிப்படும். மரத்தின் பின்முனையைப் பிடித்துத் தள்ளிய கை அங்கேயே இருக்கும்.

இவ்விடரை இருநாட்டார் இருவேறு வகையாக எதிர்கொண்டனர். இங்கிலாந்தில் 1844-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று முதன்முதல் விதித்தது. அது நெசவாலைகளைப் பற்றியது. மரவேலை இயந்திரங்களுக்கெனத் தனி விதிகள் 1922-ஆம் ஆண்டில் தோன்றின. வட்டவாள் ஒவ்வொன்றின் பின்னும் பிளவுத்தகடு நேராக நிற்றல் வேண்டும் என்பது அவற்றின் கட்டளை. அவற்றிற்குப் பதிலாக 1974-ஆம் ஆண்டில் வந்த விதிகள், மேடைக்கு மேலுள்ள அலகுப் பகுதி செவ்வையாகக் காக்கப்பட்டாலன்றி, வட்டவாள் மேடையிற் காடியோ படியோ வெட்டுதல் கூடாது என்று வரையறுத்தன. வாள் நிறுத்தப்பட்டபின் 10 நொடிக்குள் ஓய்தல் வேண்டும் என்னும் நெறியும் பிற்காலத்து ஐரோப்பிய இயந்திரங்களுக்கு உண்டாயிற்று. கனத்த அலகுத் தொகுதியை விரைந்து நிறுத்துதல் அரிதாகலானும், அங்குள்ள மேடைவாள்களின் அச்சு குறுகியதாகலானும், காடித் தொகுதி ஐரோப்பாவில் அருகிற்று. அவ்வேலை வேறு இயந்திரங்களுக்குச் சென்றது. காடித் தொகுதியையே அங்குச் சட்டம் முற்றும் தடுத்தது என்று சிலர் கூறுவர். காவலின்றி வெட்டுதலையே சட்டம் தடுத்தது. வழக்கு அதனினும் ஒருபடி மேற்சென்றது.

அமெரிக்கரோ விலக்களித்தனர். 1970-ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதியில், வட்டவாளுக்கு மூடியும் பிளவுத்தகடும் வேண்டும் என்று கூறி, காடி வெட்டுங்கால் மட்டும் அத்தகடு வேண்டா என்றனர். அவ்வேலை முடிந்தவுடன் தகட்டை உடனே மீண்டும் பொருத்துக என்றும் அவ்விதியிலேயே சேர்த்தனர். அறிவுடைய விதியே அது. ஆனால் மனித இயல்பு அதற்கு உடன்படவில்லை. அங்குள்ள மேடைவாள்களில் மூடியும் தகடும் ஒருங்கே பிணைக்கப்பட்டிருந்தன. கழற்றுதலும் பூட்டுதலும் தொல்லையாயின. ஒருமுறை காடிக்கெனக் கழற்றியது பரணிலே கிடந்தது. பின்னர்ப் பலகையை ஊடறுத்த நாளெல்லாம் வாள் காவலின்றியே சுழன்றது. வீட்டுக் கொட்டகையில் வேலை செய்வோனைக் கேட்க ஆய்வாளரும் இல்லை. வாளுடன் கூடவே ஏறி இறங்கும் குறுந்தகடு, காடியல்லாத வேலைகளிற் கழற்ற வேண்டாததாய் அமைக்கத் தக்கது. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய அதனை அமெரிக்க உற்பத்தியாளர் பொதுவாக மேற்கொண்டது இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியிலேதான். 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு மேடைவாளாற் காயமுற்று வந்தோர் ஏறத்தாழ 33,400 பேர் என்றும், அவருள் 30,500 பேர் அலகிற் பட்டவர் என்றும் நுகர்பொருட் பாதுகாப்புக் குழுவினர் கணித்தனர். நாளொன்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட கைகள்!

இந்நிலையில் ஆரிகான் நாட்டவரும், இயற்பியல் கற்றுப் பட்டய வழக்கறிஞராய் விளங்கியவருமாகிய ஸ்டீவன் காஸ் என்பார், 1999-ஆம் ஆண்டில் ஒரு புதுமையை எண்ணினார். வாளின்மேல் நுண்ணிய மின்குறி ஒன்றை ஓட விடுதல். ஈரமுள்ள மனித உடல் அதிற் பட்டவுடன் அக்குறி மாறும். மாறிய நொடியே அலுமினியக் கட்டையொன்று வில்விசையாற் பற்களுள் பாய்ந்து, ஏறத்தாழ 5 மில்லிநொடிக்குள் வாளை நிறுத்தும். வாளும் மேடையின்கீழ் அமிழும். விரல் துண்டாக வேண்டிய இடத்திற் சிறு கீறலே எஞ்சும். உற்பத்தியாளர் அதனை ஏற்க முன்வாராமையால் அவரும் நண்பரும் தாமே ‘சா ஸ்டாப்’ என்னும் நிறுவனத்தை அமைத்து, 2004-ஆம் ஆண்டிலிருந்து மேடைவாள்களை விற்றனர். இதனை எல்லா மேடைவாள்களுக்கும் கட்டாயமாக்குக என்று 2003-ஆம் ஆண்டிற் கொடுத்த விண்ணப்பம் பல்லாண்டு வழக்காடலுக்கு இடமாயிற்று. விலை ஏறும் என்பாரும், ஒருவர் பட்டயத்திற்கு யாவரும் கப்பங் கட்டுவதோ என்பாரும் எதிர்த்தனர். காடிக்கு இங்கும் ஒரு தனிக்கட்டளை உண்டு: 10 அங்குல வாளுக்கு வைத்த நிறுத்துகட்டை 8 அங்குலத் தொகுதிக்குப் பொருந்தாது. அதற்கென வேறு கட்டையை மாற்றிப் பூட்டல் வேண்டும்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இயந்திரங்களின் அபாயமான உறுப்புக்களை உறுதியாக வேலியிடுமாறு தன் 21-ஆம் பிரிவில் விதித்தது. ஆயினும் விசையால் இயங்கும் இடமாயிற் பத்துப்பேராவது பணிபுரியும் இடத்தையே அச்சட்டம் தொழிற்சாலையென வரையறுத்தது. தந்தையும் இரு மைந்தரும் உழைக்கும் பட்டறையின் வாயிலை அது எட்டவில்லை. அத்தகைய பட்டறையிற் சட்டத்தின் இடத்தை ஆசானின் சொல்லே நிரப்புதல் வேண்டும். ஆகவே வரலாறு கற்பித்தவற்றைத் தொகுத்து ஈண்டு உரைக்கின்றோம்.

அலகைத் தொடுமுன் மின்னிணைப்பை அறவே நீக்குக; நிறுத்துவிசையை மட்டும் நம்பற்க. அச்சு குறுகியதாய்த் தொகுதியை ஏலாத இயந்திரத்தில் அதனைப் பூட்டவே துணியற்க. பூட்டியபின் திருகின் மரை முழுவதும் அச்சிற் பற்றியுள்ளதா என்று காண்க. செதுக்கலகின் பற்கள் அடுத்த வாளின் பற்களை முட்டாது இடைவெளியில் அமைதல் வேண்டும். அகன்ற வாயுள்ள தகட்டையே மேடையிற் பதிக்க. கோணிய பலகை மேடைமேல் ஆடுமாதலின் முன்னரே இழைத்துச் செவ்வையாக்குக. குறுகிய பலகையைக் கையாற் குறுக்கே தள்ளற்க. செங்கோணமாய்த் தாங்கிச் செல்லும் தள்ளுசட்டத்துடன் இறுகப் பிணைத்தே செலுத்துக. அகன்ற பலகையை வழிச்சட்டத்தோடு அணைத்து, பிடியுள்ள தள்ளுகட்டைகளாற் செலுத்துக. காடி வெட்டப்படும் கோட்டிற்கு நேர்மேலும், அலகு வெளிப்படும் பின்முனையிலும் கை செல்லல் ஆகாது. ஆழமான காடியைப் பலமுறையாக, ஒவ்வொரு முறையும் சிறிது உயர்த்தி வெட்டுக. இடையிலே தொடங்கி இடையிலே முடியுங் காடிக்காகச் சுழலும் அலகின்மேற் பலகையை இறக்குதல் பெருந்தீங்கு. அதனை உளியால் முடித்தலே நன்று. தளர்ந்த சட்டைக்கையும் கையுறையும் ஆகா. வேலை முடிந்தவுடன், அடுத்த பலகையைக் கையில் எடுக்குமுன், கழற்றிய மூடியையும் தகட்டையும் மீண்டும் பூட்டுக. இக்கடைசிக் கட்டளையை மறந்தமையே மேலைநாட்டிற் பலர் விரலிழந்ததற்கு ஏதுவாயிற்று.

உளி பிடிக்கும் முதியோரை நம்மிளைஞர் காலத்திற்கு ஒவ்வாதவர் என எண்ணுதலும், இயந்திரம் ஓட்டும் இளைஞரை முதியோர் தொழிலறியாதார் என இகழ்தலும் இன்று பட்டறைதோறும் காண்கின்றோம். இவ்வரலாறு இருவர்க்கும் ஒன்று சொல்லும். இயந்திரம் முதியோரின் திறனைக் கடன் வாங்கியது. அவர்தம் எச்சரிக்கையை இளைஞரே கேட்டுப் பெறுதல் வேண்டும். கால் அங்குலக் காடி ஓர் அலமாரியைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும். அதனை வெட்டும் பத்து விரல்களும் ஒரு குடும்பத்தைத் தாங்குவன. அவை பத்தும் பத்தாகவே மூப்பெய்துக.